நஷ்டம் யார் கணக்குல பாஸ்?

வேலூர்ல பஸ் ஏறினதுமே எனக்கும் ரூம்மேட்டுக்கும் சண்டை. மேட்டர், வீடியோ கேம்!

2006-ல 'ப்ளே ஸ்டேஷன் 3' வந்தப்போ அமெரிக்காவில் விலை 499, 599 டாலர். தயாரிப்புச் செலவு அதைவிட அதிகம். "நஷ்டத்துக்கு விற்க சோனி என்ன லூசா?"ன்னான் அவன். இல்லை பாஸ்! பெட்டியில் விட்டதை கேம்ஸில் பிடிக்கிறதுதான் டெக்னிக். ஒவ்வொரு கேம் விற்கும்போதும் அதை வெளியிட்ட கம்பெனி சோனிக்குக் கப்பம் கட்டணும். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை வித்து லாபமே பார்த்ததில்லைன்னு மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-ல கோர்ட்டிலேயே சொன்னார்.

பேச்சு முடியறதுக்குள்ள ஆம்பூர். பிரியாணி வாசத்தை முந்திக்கிட்டு தோல் வாடை. ஃபாரின் கடைகளுக்குப் போற ஷூ தயாராகிற ஊர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுறதும் இதே தோல்தான்.

சாப்பிட்டுட்டு பாலாத்தங்கரையில் கொஞ்சம் நில்லுங்க. டேனரிகள் விட்ட கழிவுநீர் இந்த ஆத்தையும் சுத்துப்பட்டு கிணறுகளையும் கெடுத்துச்சு. 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான்: மாசுபடுத்தினவங்கதான் செலவை ஏத்துக்கணும். டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். ஆனாலும் 2025 ஜனவரியில், பாலாத்தை மீட்கிறது பத்தி அதே கோர்ட் மறுபடி தீர்ப்பு சொல்லவேண்டி வந்தது.

சோனி தன் நஷ்டத்தைத் தன் நோட்டுல எழுதிச்சு. இங்கே நஷ்டத்தை ஆத்துல எழுதிட்டாங்க.

நாளைக்கு நீங்களும் நானும் இன்ஜினீயர். 'செலவைக் குறைச்சுட்டேன்'னு மார்தட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்குவோமா... குறைச்ச செலவு யார் தலையில போய் விழுது?