பனிமலை மக்களும் காவிரி மண்ணும்

மைசூரிலிருந்து மடிக்கேரி செல்லும் நெடுஞ்சாலையில், காவிரியை எட்டுவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள ஊர் பைலகுப்பே. குடகுப் பயணம் மேற்கொண்ட யாம் குசால் நகரில் தங்கி, இரு நாள்கள் அங்குச் சென்று வந்தோம். இடப்புறம் பிரியும் சாலையில் சிறிது தொலைவு சென்றதும் மக்காச்சோளக் கொல்லைகளுக்கிடையே வண்ணக் கொடிகள் அசைந்தாடின. அவற்றில் மந்திரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. காற்று அவற்றைத் தழுவிச் செல்லுமிடமெல்லாம் நலம் பரவும் என்பது திபெத்தியர் நம்பிக்கை.

1959-ஆம் ஆண்டில் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். அவரைத் தொடர்ந்து பல்லாயிரவர் இமயத்தைக் கடந்து வந்தனர். அன்றைய மைசூர் மாநிலம் நிலம் வழங்க முன்வந்தமையால் 1961-இல் இங்குக் குடியேற்றம் தொடங்கிற்று. பனியன்றி வேறறியா மக்கள் வெயிலையும் யானைகளையும் எதிர்கொண்டு, காடு திருத்திக் கழனியாக்கினர்.

நம்ட்ரோலிங் மடாலயம் 1963-இல் பெனோர் ரின்போச்சே அவர்களால் நிறுவப்பெற்றது. அதன் பொற்கோயிலில் புத்தர், பத்மசம்பவர், அமிதாயுஸ் ஆகிய மூவரின் பொன் வேய்ந்த திருவுருவங்கள் வானளாவ வீற்றிருக்கின்றன. முதியோர் மணியுருளையைச் சுழற்றியவாறு வலம் வந்துகொண்டிருந்தனர்.

எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது செரா மடாலயமே. 1419-இல் லாசாவுக்கு அருகே தோன்றிய அப்பல்கலைக்கூடம் இங்கு மறுபிறவி எடுத்துள்ளது. முற்றத்தில் இளந்துறவியர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். நிற்பவர் வினா எழுப்பிக் கையோங்கித் தட்டுகிறார். அமர்ந்திருப்பவர் விடை பகர்கிறார். இவ்வாதமுறைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவர் திக்நாகர். அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவருடைய 'பிரமாண சமுச்சயம்' வடமொழியில் தனிநூலாக நிலைக்கவில்லை; திபெத்திய மொழிபெயர்ப்பே அதனைக் காத்தளித்தது. பிறந்த மண் இழந்த செல்வத்தைப் பிறிதொரு மொழி பேணிற்று என்றுணர்ந்தபோது, கைதட்டும் அவ்விளைஞர்கள் எமக்கு அயலாராகத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள், கோயில் வாயிலில் முதிய அம்மையார் ஒருவரைக் கண்டோம். செவிலியர் கல்வி பயின்ற அவருடைய பேத்தி இந்தியில் மொழிபெயர்த்து உதவினாள்.

"தங்கள் ஊர் எது, அம்மா?" என வினவினோம்.

"பிறந்தது மலைக்கு அப்பால். பிள்ளைகளைப் பெற்றதும், கணவரைத் தீயில் இட்டதும் இங்கேதான். எதை ஊர் என்பது?" என்றார் அவர்.

பேத்தி அயல்நாடு செல்ல விரும்புகிறாள். குடியுரிமையின்றிப் பதிவுச் சான்றிதழோடு வாழும் தலைமுறைக்கு அவ்விருப்பம் இயல்பே. பாட்டி அதற்கு வருந்தவில்லை. அவர் கவலை வேறு. "இவள் எம் மொழி பேசுகிறாள். இவள் பிள்ளைகள் பேசுவார்களா?" என்றார். அவ்வினாவையும் பேத்தியே எமக்கு மொழிபெயர்க்க நேர்ந்தது. சற்றே தயங்கி, "பாட்டியின் கடிதத்தைப் படிக்கும் அளவிற்காவது கற்பிப்பேன்" என்று தன் விடையையும் சேர்த்துக் கூறினாள்.

நாடிழந்த மக்கள் நூல்களைச் சுமந்து வந்தனர். மடாலயங்களை மீண்டும் எழுப்பினர். ஆயினும் மொழி தங்கியிருக்கும் இடம் மடாலயம் மட்டுமன்று. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலான பேச்சும் ஆகும். தமிழ் பயில்வோராகிய நாமும் நம் இல்லங்களில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவன்றோ அது!