நீரும் ஓர் அமானிதமே

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்துவிட்டால், தென்காசியிலுள்ள எங்கள் இல்லங்களில் விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர் வருவர். காலையில் பேரருவி, மாலையில் ஐந்தருவிச் சாலையிலுள்ள படகுத்துறை என்று பிள்ளைகள் முன்கூட்டியே திட்டம் வகுத்துவிடுவார்கள்.

சென்ற பருவத்தில் வந்திருந்த என் தங்கை மகன், அருவிக்குப் போய்த் திரும்பியதும் பொரிந்து தள்ளினான். "பெரியம்மா, எங்கே போனாலும் தடைதானா? இந்தப் பக்கம் வராதே, சோப்புப் போடாதே, மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறாதே என்கிறார்கள். தண்ணீர் அல்லாஹ் தந்தது. அதற்கு விதி வகுக்க இவர்கள் யார்?" என்றான். கல்லூரியில் பயிலும் பிள்ளை. கேள்வியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி எழக்கூடும் என்பதால், அவனுக்குச் சொன்ன விடையைச் சகோதர சகோதரிகள் முன்னும் வைக்கிறேன்.

தண்ணீர் அல்லாஹ் தந்தது என்பது உண்மை. அதனாலேயே அது எவர் ஒருவருக்கும் தனியுரிமை ஆகாது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். கூட்டாளிகள் என்றால் பங்கு உண்டு. பங்கு என்றால் அளவும் முறையும் உண்டு. ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகத்தாருக்கு அல்லாஹ் விதித்த சோதனையை எண்ணிப் பாருங்கள். நீர் அருந்த ஒட்டகத்துக்கு ஒரு நாள், மக்களுக்கு ஒரு நாள் என்று முறை வகுக்கப்பட்டது. வாயில்லா ஒரு பிராணிக்கும் நீரில் உரிய பங்கு தரப்பட்டது. அந்த முறையைப் பொறுக்காதவர்கள் ஒட்டகத்தைக் கொன்றனர், அவர்களும் அழிந்தனர். விதியில்லாத இடத்தில் வலியவன் முழுவதையும் எடுத்துக்கொள்வான். விதி இருக்கும் இடத்தில்தான் எளியவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

குற்றாலத்திலேயே இதைக் காணலாம். பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. முழங்கால் வலியோடு படியிறங்கும் என் உம்மா, அந்தத் தடுப்பு இருப்பதால்தான் அருவி நீரைத் தலையில் தாங்குகிறார்கள். ஒருமுறை நீர் குறைந்திருந்த வேளையில், இளைஞர் சிலர் தடுப்பைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்துவிட்டனர். முதலில் ஒதுங்கியவர்கள் நம் பெண்கள். ஈர ஆடையோடு சுவரோரம் கூனிக் குறுகி நின்ற உம்மா, "போதும், வீட்டுக்குப் போகலாம் மகளே" என்று சொன்னார்கள். அந்த இளைஞர்களை எந்தத் தண்டனையும் தொடவில்லை. ஆனால், ஆண்டுக்கொரு முறை வாய்க்கும் அந்த இன்பம் ஒரு மூதாட்டிக்கு இல்லாமற் போயிற்று. தடுப்பு யாருக்காக என்பதை என் தங்கை மகனுக்கு இந்த நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கினேன்.

அடுத்தது உயிர். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெள்ளம் கொட்டும்போது குளிக்கத் தடை விதிப்பார்கள். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்க, மேலே மலைக்காட்டில் பெய்யும் மழை சில நிமிடங்களில் வெள்ளமாய் இறங்கிவிடும். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம், 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. படகுக்கும் இதுவே பாடம். 2023-ஆம் ஆண்டு மே 7 அன்று, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் பலரை இழந்த வீடும் உண்டு. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, இருட்டிய பின்னும் ஓட்டியிருக்கிறார்கள். "இத்தனை பேர்தான்" என்று படகுத்துறையில் ஒருவர் கை நீட்டித் தடுக்கும்போது, நம் பிள்ளைகளின் உயிரையே அவர் காக்கிறார்.

நீரைத் தமக்கென வளைத்துக்கொள்ளும் ஆசை தனி மனிதரோடு நிற்பதில்லை. குற்றாலப் பகுதியில் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பி, தம் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்த விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு, 2022-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அதற்கும் முன்னே 1996-இல், இமாசலப் பிரதேசத்துப் பியாஸ் ஆற்றின் போக்கை ஓர் உல்லாச விடுதி மாற்றிய வழக்கில், ஆறும் கடற்கரையும் காடும் பொதுமக்களுக்குரியவை, அரசு அவற்றின் பொறுப்பாளர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் அமானிதம் என்று சொல்வதும் இதுவன்றோ? மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி, எல்லோருக்கும் இலவசமாய்த் திறந்துவிட்ட உஸ்மான் (ரலி) அவர்களின் வழி நம்முடையது.

அருவிக்கரையில் மட்டும் எழும் சிக்கலும் அன்று இது. தென்காசிக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றை நாடி, தூத்துக்குடி, இராமேசுவரம் கடற்கரைகளுக்கு 'கைட் போர்டிங்' வீரர்கள் வருகின்றனர். பெரும் பட்டமொன்றை இடுப்புக் கச்சையில் பிணைத்து, காலடிப் பலகையால் அலைமீது பறந்தோடும் விளையாட்டு அது. பட்டத்தின் கயிறுகள் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ளவை; குளிக்கும் குழந்தைமீது உரசினால் காயம் நேரும். பட்டத்தை எழுப்பத் திறந்த மணல்வெளி வேண்டும். மீனவருக்கோ அதே மணலில் படகேற்றவும் வலை உலர்த்தவும் இடம் வேண்டும். இவர்களில் எவரையும் விரட்டத் தேவையில்லை. மீனவரைக் கலந்து பேசி, பட்டம் எழுப்ப ஓரிடம், படகுக்கு ஒரு வழி, குளிப்போர்க்கு ஓர் எல்லை என்று வகுத்துவிட்டால் அனைவரும் கடலை அனுபவிக்கலாம். அக்கரையை நம்பிப் பிழைப்பவருக்கு முதலிடம் தருவதே நீதி.

ஒன்றை மறுக்க மாட்டேன். ஒழுங்குபடுத்துவது வேறு, அடைத்துப் பூட்டுவது வேறு. வெள்ளம் வடிந்த பின்னும் தடை நீண்டால், அல்லது கட்டணம் ஏறிக்கொண்டே போனால், காசுள்ளவர் வேறிடம் தேடிக்கொள்வார். பேருந்தில் வந்திறங்கும் ஏழைக் குடும்பந்தான் ஏமாந்து திரும்பும். எனவே, விதிக்குக் காரணம் சொல்லுங்கள், ஆபத்து நீங்கியதும் திறந்துவிடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. நம் பங்கைச் சரிவரச் செய்தவர்களுக்கே அவ்வாறு கேட்கும் துணிவும் வரும்.

அந்தப் பங்கு பெரிதன்று. எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு 2014-இலேயே உயர் நீதிமன்றக் கிளை தடை விதித்துவிட்டது; அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்வோம். பேரருவி நீர் சிற்றாறாய் ஓடிப் பலருடைய வயலுக்குப் போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நீர்த்துறையையும் பாதையையும் நிழலையும் அசுத்தப்படுத்தலாகாது என்ற நபிமொழியை நினைவூட்டுவோம். நாம் நனைந்தது போதுமென்று, பின்னால் காத்து நிற்பவருக்கு வழிவிடுவோம்.

என் தங்கை மகன் முழுவதும் ஒப்புக்கொண்டானா என்று கேட்டால், இல்லை. "கட்டணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, பெரியம்மா; மற்றதை யோசிக்கிறேன்" என்றான். யோசிக்கட்டும். பங்கிட்டு உண்பதை வீட்டில் கற்ற பிள்ளைகள், பங்கிட்டு நனைவதையும் கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.