பாப்பாவின் தீபாவளிச் சட்டை

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, வாங்கி வைத்திருந்த கவுனை இன்றுதான் பார்த்தேன். கருஞ்சிவப்பு நிறம். இடுப்புக்குக் கீழே நான்கு அடுக்கு வலைத்துணி, அதன் மேல் மினுக்குத் தூள், மார்பில் பசை போட்டு ஒட்டிய கற்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 85 வெள்ளி. “தீபாவளிக்குப் பாப்பாவுக்கு” என்று நீட்டினார். பாப்பா அதை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மினுங்குகிற எதுவும் பிடிக்கும்.

நான் வாங்கி உள்பக்கத்தைத் திருப்பினேன். கழுத்தோரத்தில் வலையின் வெட்டு முனை மடித்துத் தைக்கப்படாமல் முள்ளு முள்ளாக நிற்கிறது. முதுகில் பிளாஸ்டிக் ஜிப். முழுக்கப் பாலியெஸ்டர். அளவோ ஆறு வயதுப் பிள்ளைக்கு.

“வளர்ற புள்ளதானே, அடுத்த வருசமும் போடலாம்” என்றார் அத்தை.

நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

நாங்கள் இருப்பது சிம்பாங் அம்பாட். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பத்து காவானில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்பே பைராம் தோட்டத்தில், மாமா அத்தை வீட்டில், பாப்பாவை விட்டுவிட்டுப் போவோம். பொழுது சாயும்போது வந்து தூக்கிக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் அவளுக்குச் சட்டை மாட்டுகிறவர் அத்தைதான். முட்டிவலியோடு ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து உடுத்துகிறவரிடம், என்ன உடுத்துவது என்பது உங்கள் பேச்சல்ல என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் மனசு ஆறவில்லை. பையில் மூன்று பருத்திச் சட்டை வைத்து அனுப்புகிறேன். மடிப்புக் கலையாமல் மூன்றும் திரும்பி வருகின்றன. இன்று மாலை பாப்பாவைத் தூக்கும்போது பின்கழுத்து முழுக்க வேர்க்குரு. இடுப்பில் எலாஸ்டிக் அழுத்திய சிவப்புக் கோடு. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையிடம் நயமாகத்தான் ஆரம்பித்தேன். “அத்தே, இந்தச் சூட்டுக்குப் பருத்தி நல்லதில்லையா?”

“அது ஆயாக் கொட்டாயில போடுற சட்டைம்மா” என்றார்.

ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் இந்தத் தோட்டமே இருக்கிறது என்பது இரவு படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

நிபோங் திபாலைச் சுற்றியுள்ள பைராம், கலிடோனியா, விக்டோரியா எல்லாம் முதலில் கரும்புத் தோட்டங்கள். பிறகு ரப்பர். இப்போது செம்பனை. பயிர் மாறியதே தவிர வேலைக்காட்டில் நின்றவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகும் கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தை இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். இருட்டோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில், பழைய கைலித் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் மர நிரைக்கு நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வளர்ந்ததும் அந்தத் தொட்டிலில்தான்.

பால்மரத்துப் பால் துணியில் பட்டால் போகவே போகாது. காய்ந்து கறுத்து ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். அத்தை தன் வேலைச் சட்டையைப் பற்றிச் சொல்வார்: கழற்றித் தரையில் வைத்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி நிற்குமாம். அந்தச் சட்டை பருத்தி. பிள்ளைகள் வீட்டில் போட்டதும் பருத்தி, கிழிந்ததை ஒட்டுப்போட்டது. சம்பள நாளில் சைக்கிளில் துணிக்காரர் வருவார். கடன் சொல்லி ஒரே பீஸில் துணி எடுத்து மூன்று பையன்களுக்கும் சட்டை, மிச்சத்தில் சன்னல் திரை. தீபாவளி ஒரு நாளைக்குத்தான் பளபளப்பு. நான் மாட்டச் சொல்லும் வெளிர்நிறப் பருத்திச் சட்டையைப் பார்க்கும்போது அத்தைக்கு என்ன ஞாபகம் வரும்? பேத்தியை மறுபடியும் கொட்டகைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்றுதானே?

புரிகிறது. அதற்காக வேர்க்குரு மறைந்துவிடாது.

அக்டோபர் 19, சனி

இன்று சத்தம் போட்டுவிட்டேன்.

அளவு பார்க்கிறேன் என்று மாமா பாப்பாவுக்குக் கவுனை மாட்டினார். வெளியே மழை கொட்டுகிறது. பினாங்கில் அக்டோபரில் இப்படித்தான் பெய்யும். வீட்டுக்குள் புழுக்கம், நனைந்த துணியைப் போர்த்திக்கொண்டது போல. பத்தே நிமிடத்தில் பாப்பாவின் முதுகு தெப்பம். துணியில் ஒரு சொட்டும் ஊறவில்லை, எல்லாம் தோலிலேயே வழிகிறது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை மட்டுமே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு அரை விழுக்காடுகூட வராது. வேர்வை போகிற வழி அடைபட்டால் வேர்க்குரு வராமல் என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. தீபாவளி என்றால் வாசல் முழுக்க அகல்விளக்கு, கையில் மத்தாப்பு. அடுக்கு வலை குடை மாதிரி விரிந்து நிற்கிறது. பிள்ளை ஓடுகிற ஓட்டத்தில் அதன் விளிம்பு எங்கே படுகிறது என்று அவளுக்கே தெரியாது. பருத்தியும் தீப்பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

“எங்க புள்ளைங்கள்லாம் வளரலயா?” என்றார் அத்தை.

“நீங்க வளர்த்தப்ப இந்தத் துணி ஏது அத்தே?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கோபத்தில் பழைய கணக்கையும் இழுத்தேன். 2022 ஜனவரியில் புலாவ் புரோங் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகை சூழ்ந்தபோது பாப்பா நான்கு மாதக் குழந்தை. கதவை அடைத்துவிட்டு, கம்பளிச் சட்டையும் குல்லாவும் காலுறையும் மாட்டி வைத்திருந்தார்கள். பிள்ளை தக்காளியாகச் சிவந்து கிடந்தது. கைக்குழந்தை உடம்பு சூடேறக் கூடாது, தூங்கும்போது குல்லா வேண்டாம் என்று கிளினிக் மிஸ்ஸி எனக்குச் சொல்லியிருந்தார். அதை அன்றைக்குச் சொல்லாமல் இன்றைக்குச் சொன்னேன். புகையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி போர்த்துவது. அதைக் குற்றமாக அடுக்கியது நியாயமில்லை.

இன்னொன்றும் எழுதி வைக்க வேண்டும். பாப்பா பிறந்தபோது நான் வாங்கிய புதுச் சட்டைகளை ஒதுக்கிவிட்டு, மாமாவின் துவைத்துத் துவைத்துப் பஞ்சான பழைய வேட்டியைக் கிழித்துத்தான் அத்தை முதலில் சுற்றினார். எனக்கு அப்போது மனக்குறை. ஆனால் அவர் செய்ததுதான் சரி. கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சியும் சாயமும் மருந்தும் இருக்கும், பச்சைக் குழந்தைத் தோலுக்குப் பழந்துணிக்கு ஈடு இல்லை. துணியை விரலால் பார்க்கத் தெரிந்த மனுஷி அவர். அதனால்தான் இன்றைக்கு எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டாம் பாலத்தில் ஏறித் தீவுக்குப் போனோம். 24 கிலோமீட்டர், அவரும் நானும் பேசவேயில்லை. லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறினேன். பிள்ளைகளுக்குத் தொங்குவதெல்லாம் வலையும் மினுக்கும்தான். கடைசியில் ஒரு கடையில் மஞ்சள் நிறச் சுங்குடித் துணி மீட்டர் கணக்கில் கிடைத்தது. தையல்காரர்கள் தீபாவளிக்குள் முடியாது என்றார்கள். நானே தைக்கிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மாமா என்னிடம் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர், நான் ஏணியைப் பிடிக்கப் போனதும் தானாகப் பேசினார்.

“எங்கம்மா உடுத்துனது என்னான்னு ஒனக்குத் தெரியாதும்மா.”

ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை. இந்த நாட்டுக்குத் துணி கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் துணியும் நின்றது. தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. மாமாவின் தாத்தா அதில் போனவர், திரும்பவில்லை. மாமாவின் அம்மாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அரிசிச் சாக்கில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை வெட்டி மாட்டிவிட்டார்களாம். லயத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் உடுப்பு.

“சாக்கு கழுத்தை அறுக்கும்னு, ரெண்டு வெரல உள்ள விட்டு இழுத்துப் புடிச்சுக்கிட்டேதான் நடக்குமாம். கெழவியான பொறவும் அந்தப் பழக்கம் போவலம்மா. ரவிக்கைக் கழுத்த இழுத்து இழுத்து விடும். அது இருந்து பாத்திருந்தா, கொள்ளுப்பேத்திக்கு நான் இந்தக் கவுன் எடுத்ததுக்கு எவ்ளோ சந்தோசப்பட்டிருக்கும்!”

ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எனக்குப் பேச்சு வரவில்லை.

அக்டோபர் 30, புதன்

மூத்தோருக்குப் படையல். வாழையிலையில் சோறும் கறியும் பலகாரமும், பக்கத்தில் எல்லாருடைய புதுத்துணியும். நடுவில் கவுன். அத்தை ஒவ்வொரு துணி ஓரத்திலும் மஞ்சள் தொட்டு வைத்துக்கொண்டு வந்தார். நான் தைத்த பாவாடை சட்டையைக் கொண்டுபோய் வைத்தேன். அத்தை அதை எடுத்துத் தடவினார், திருப்பி உள்தையலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் மஞ்சள் வைத்தார்.

படையலில் வைத்த துணியை உடுத்தாமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நாளைக்கு நான் எப்படி மறுப்பேன்?

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பாப்பா கவுன்தான் வேண்டும் என்றாள். நான் தடுக்கவில்லை. சாமி கும்பிட்டு, வாசலில் தாத்தா பாட்டியோடு படம் எடுத்தோம். அவள் முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

கால் மணி நேரம் இருக்கும். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் முன்னால் முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. இடது கையின் இரண்டு விரலைக் கழுத்துக்குள் விட்டு வலையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கையை எடுப்பாள், மறுபடி விடுவாள்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவளைப் பக்கத்தில் இழுத்து, ஜிப்பை இறக்கிக் கழுத்தைப் பார்த்தார். செக்கச் செவேலென்று ஒரு வளையம்.

“ஏம்மா, அந்தப் பாவாடைய எடுத்தா” என்றார். அவரே மாற்றிவிட்டார். கொக்கி மாட்டத் தெரியாமல் தடவினார். நான் போய் உதவவில்லை, அவர் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். கைப்பேசியில் இன்றைக்கு எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு எடுத்ததுதான். சுங்குடிப் பாவாடையோடு தாத்தா மடியில் தூங்குகிறாள்.

அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. “வெளக்கு ஏத்துற நேரத்துல இப்புடியா நிப்பா, வர்றவுங்க என்ன நெனப்பாங்க” என்று இரண்டு முறை சொன்னார். மாலையில் வாசல் விளக்குகளைப் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைத்ததும் அவர்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

கவுனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் மாட்டியிருக்கிறார் அத்தை. பொங்கலுக்குப் போடலாம் என்கிறார். இப்படியே போடவிட மாட்டேன் என்று இன்று நேருக்கு நேர் சொன்னேன், சத்தம் போடாமல். கழுத்து வலையை வெட்டி, உள்ளே மல் துணியில் முழு உள்சட்டை தைத்துத் தருகிறேன், விளக்கும் அடுப்பும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் போடுங்கள் என்றேன். “உன் புள்ள, உன் இஷ்டம்” என்றார். இஷ்டம் இல்லாதபோது சொல்கிற வார்த்தை அது. ஆனாலும் உறையைப் பிரித்துக் கவுனை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஒன்றரை மீட்டர் மல் துணி வாங்கியிருக்கிறேன். தைக்கும் முன் கஞ்சி போக இரண்டு தண்ணீர் அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன்.