வரிசை நிரம்பிய வேளை

என் தாயார் சுங்கைப்பட்டாணிக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரங்களை வெட்டி முடித்து, நண்பகலுக்குச் சற்று முன்னர் காண்டாக் கம்பில் இரு வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வருவார். பால் நிறுக்கும் கொட்டகையில் நீண்ட வரிசை நிற்கும். சில நாள்களில் அவ்வரிசை நகராது. அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டிய கணக்கென்று கிராணி தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். வெயிலில் நின்ற வாளியில் பால் மெல்லத் திரையும். முறை வந்ததும் கிராணி வாளிக்குள் எட்டிப் பார்த்து, "மங்கைக் கழுவாமல் பால் எடுத்தாயா?" என்பார். நிறையில் கழிவு விழும். தாயார் ஒன்றும் சொல்லமாட்டார். பள்ளி விடுமுறையில் உடன் சென்ற நான் அதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பின்னாளில் நானும் அந்தக் கிராணியின் நாற்காலியில் அமர்ந்தேன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நம் முன்னோர் கடாரம் என்று வழங்கிய கெடா மாநிலத்தில், 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வாளியை விட்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தனர். நானும் அவ்வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் கணினி வலையமைப்பைப் பேணும் பணியில் சேர்ந்தேன். 2011இல் பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞன் என்னிடம் பயிற்சிக்கு வந்தான். இரு சுவிட்சுகளை இணைக்கும் கேபிள் ஒன்றை அவன் மாற்றிப் பூட்டிய அதே வாரத்தில், காலை ஏழு மணிக்கு வலையமைப்பு முழுவதும் ஒரு நிமிடம் முடங்கத் தொடங்கியது. நாள்தோறும் அதே வேளை. உற்பத்தி வரிசைகள் நின்றன.

சுவிட்ச் என்பது வெறும் சந்திப்புப் பெட்டியன்று. அதனுள் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அம்மென்பொருளில் பல வேலையாட்கள் இருப்பதாகக் கொள்ளலாம். வாயில்களைக் காப்பவன் ஒருவன். அவன் கொண்டுவரும் செய்திகளைப் பெற்று முடிவெடுப்பவன் மற்றொருவன். இருவருக்கும் இடையே செய்தி வரிசை என்றொரு தொட்டி. அதன் கொள்ளளவு அளவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தில் யாரும் மாற்றாதவரை 10 செய்திகளே அடங்கும். பெறுபவன் எடுக்காது போனால் தொட்டி நிரம்பும். அதற்குமேல் வருவதைக் கொடுக்க வந்தவன் காத்திருக்க வேண்டும். அல்லது பிழையென்று பதிந்துவிட்டுத் திரும்ப வேண்டும். இங்கேதான் கண்கட்டு வித்தை நிகழ்கிறது. பதிவேட்டில் பிழையை எழுதுபவன் கொடுக்க வந்தவன். ஆகவே அவன் பெயரும் அவன் நின்ற வாயிலின் எண்ணுமே நம் கண்ணில் படுகின்றன. எடுக்காமல் இருந்தவன் பெயர் எங்கும் இராது.

நான் கண்ட பதிவும் அத்தகையதே: வரிசை நிரம்பிவிட்டது, செய்தி அனுப்ப இயலவில்லை. வாயில் எண், அவ்விளைஞன் கேபிள் பூட்டியது. வேறென்ன சான்று வேண்டும்? கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டேன். அவனைப் பொருள் வைப்பறைக்கு மாற்றினார்கள். கேபிளைப் பிடுங்கி, புதியதைப் பூட்டினேன். மறுநாள் ஏழு மணிக்கு மீண்டும் முடக்கம். வாயிலையே அவன் பழுதாக்கிவிட்டான் என்றார்கள்; நானும் மறுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவன் கை படாத வேறொரு வாயிலுக்கு அவ்விணைப்பை மாற்றினேன். மறுநாள் அதே பிழை, புதிய வாயில் எண்ணோடு வந்தது. அன்று எனக்கு உணவு இறங்கவில்லை.

சுவிட்சைச் செய்தவர்களுக்கு எழுதினேன். வரிசையின் கொள்ளளவைப் பத்திலிருந்து நூறாக்கி ஒரு திருத்தம் அனுப்பினார்கள். பதிவேட்டில் பிழை மறைந்தது, முடக்கமோ மறையவில்லை! காரணம் இதுதான். மாற்றுப் பாதைகளுள்ள வலையமைப்பில் சுவிட்சுகள் 2 விநாடிக்கு ஒருமுறை நலச்செய்தி பரிமாறிக்கொள்கின்றன. 20 விநாடிவரை செய்தி கிட்டாவிடில், பாதை அறுந்ததென்று கருதி அடைத்து வைத்த மாற்றுப் பாதையைத் திறந்துவிடும். உண்மையில் பாதை அறாதிருந்தால் செய்திகள் வட்டமடித்துப் பெருகி வலையமைப்பையே மூழ்கடிக்கும். எங்கள் நலச்செய்திகள் வந்துதான் இருந்தன. படிக்கப்படாமல் வரிசையில் கிடந்தன. கொட்டகையில் இன்னும் பத்துப் பீப்பாய்களை வைத்தாலும் பால் திரையத்தானே செய்யும்?

அந்நாள்களில் 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அமெரிக்காவில் நேர்ந்ததைத் தேடிப் படித்தேன். ஏடி அண்டு டி நிறுவனத்தின் நியூயார்க் தொலைபேசி நிலையச் சுவிட்ச் ஒன்று சிறு பழுதிலிருந்து மீண்டு, 'நலம்' என்று அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. ஒரு செய்தியை ஏற்றுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்ததால் அண்டையிலிருந்தவை நிலைகுலைந்தன. அவை மீண்டு, தம் அண்டைக்கு அதே செய்தியை அனுப்பின. 114 சுவிட்சுகளிலும் தொற்று பரவி, நெடுந்தொலைவு அழைப்புகள் ஒன்பது மணி நேரம் சீர்குலைந்தன. வெளியார் எவரோ புகுந்து கெடுத்தனர் என்ற ஐயம் அங்கும் எழுந்தது. குற்றமோ முந்தைய டிசம்பரில் ஏற்றிய மென்பொருளின் ஓரிடத்துப் பிழை. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் ஏற்படவில்லை, நாணமே மிகுந்தது.

பிறகு வரிசையில் காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கையை விநாடிதோறும் குறித்தேன். ஏழு மணிவரை சுழியம். பின்னர் ஐந்து, பதினெட்டு, நாற்பது என ஏறியது. பெறுபவன் அவ்வேளையில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பார்த்தேன். கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தான்! தலைமை அலுவலகத்துக் கண்காணிப்புக் கணினி, அந்த வாரத்திலிருந்துதான், காலை ஏழு மணிக்குச் சுவிட்சின் முகவரிப் பட்டியல் முழுவதையும் கேட்கத் தொடங்கியிருந்தது. பல்லாயிரம் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை அவன் வரிசையின் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கேள்வியை நிறுத்தினோம்; முடக்கம் நின்றது. கணக்குச் சொல்லும் வேலையைத் தனி ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த மென்பொருள் பின்னர் வந்தது.

என் முதல் அறிக்கை பிழையென்று இரண்டாம் அறிக்கை எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு பொருள் வைப்பறைக்குச் சென்றேன். இளைஞன் அதை இருமுறை படித்தான்.

"அண்ணே, நான் போட்ட கேபிள் என்னாச்சு?" என்று கேட்டான்.

கழிவுப் பெட்டியில் தேடி எடுத்தேன். சோதனைக் கருவியில் பூட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. அவன் அதன் இரு முனைகளையும் சட்டைத் துணியால் துடைத்து, சுவிட்ச் இருந்த அறைக்கு எனக்கு முன்னே நடந்தான்.