கப்பலின் கடிகாரம்

ரயில் தவறினால் அடுத்த ரயில் உண்டு. பஸ் தவறினால் சற்று நேரம் நின்று அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். கப்பல் தவறினால் என்ன உண்டு என்பதைப் பற்றி, தாய்லாந்தைச் சேர்ந்த புக்கெட் தீவின் கடற்கரையில், பாதி குடித்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருநாள் தீவிரமாகச் சிந்திக்க நேர்ந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பியின் தயவினால், பள்ளிக்கூட விடுமுறைகளில் நான்கு முறை உல்லாசக் கப்பலில் போய்வந்திருக்கிறேன். சிங்கப்பூரில் புறப்பட்டு, மலாக்கா ஜலசந்தி வழியாக வடக்கே சென்று, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு, நான்கைந்து நாட்களில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பிரயாணம் அது. இதன் பயனாக எங்கள் ஊரில் எனக்குக் 'கப்பல் வாத்தியார்' என்று ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது. விடுமுறை நெருங்கினால் யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த மாதத்தில் போவது, எந்த அறையைக் கேட்பது, எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேள்விகள் புறப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும் எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

முதலாவது, மாதம். மலாக்கா ஜலசந்தி ஒரு பக்கம் சுமத்ராவும் மறு பக்கம் மலாய் நாடும் காவல் காக்கின்ற கடல். ஆகையால் அங்கே பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். பினாங்கைத் தாண்டி வடக்கே போனதும் அந்தமான் கடல் திறந்துகொள்கிறது. மே மாதம் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று புக்கெட்டின் மேற்குக் கரையை நேராக வந்து மோதும். பாத்தோங் என்னும் இடத்தில் கப்பல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க, பிரயாணிகள் சிறு படகுகளில் கரை சேர்கிறார்கள். அலை பெரிதாயிருந்தால் காப்டன் படகு விடமாட்டார்; புக்கெட்டைத் தூரத்திலிருந்து தரிசனம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் கடல் சாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தினர் பரீட்சை முடிந்தவுடன் ஏப்ரல் மாதத்திலேயே போய்வந்துவிடுவது உத்தமம்.

இரண்டாவது, தஸ்தாவேஜுகள். கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய் மறுபடியும் அங்கேயே வருகிறது அல்லவா? சிங்கப்பூருக்குள் ஒரே ஒரு முறை நுழைவதற்கான விசாவை வைத்துக்கொண்டு ஏறப் போனால் துறைமுகத்திலேயே வழி அடைபடும். பல முறை நுழையும் விசாவாகப் பார்த்து வாங்கவேண்டும். போகும் நாடு ஒவ்வொன்றுக்கும் அப்போதுள்ள விதி என்ன என்பதைப் புறப்படுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளவேண்டும். கப்பல் புறப்படும் தினத்தன்றே விமானத்தில் போய் இறங்குவது விவேகமன்று. விமானம் மூன்று மணி நேரம் தாமதித்தால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. முந்தின நாளே போய்ச் சேர்ந்து, ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்து கப்பல் ஏறுங்கள்.

இனி, அறை. கப்பலின் இரு நுனிகளிலும் மேல்தட்டுகளிலும் ஆட்டம் அதிகம். நடுவிலும் கீழ்த்தட்டுகளிலும் குறைவு. ஏற்றப் பலகையில் உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைச்சுற்றல் உள்ளவர்களும் வயதானவர்களும் கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்கவேண்டும். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தட்டாக இருப்பது நல்லது. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே அறை எடுத்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை தாலாட்டாது. நான் முதல் தடவை சிக்கனம் பாராட்டி முன்கோடியில் ஓர் அறை எடுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நங்கூரச் சங்கிலி இறங்கிய சப்தத்தில் கப்பலே இரண்டாகப் பிளந்துவிட்டது என்று எண்ணி, போர்வையோடு நடைவழிக்கு ஓடினேன்.

ஜன்னல் வேண்டுமா என்று கேட்பார்கள். நாள் முழுவதும் மேல்தட்டில் திரிகிற பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஜன்னலற்ற உள்ளறையே போதும்; செலவும் குறையும். ஆனால் விளக்கை அணைத்தால் அங்கே நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் வித்தியாசம் தெரியாது. முதியோர்களுக்கு ஜன்னல் அவசியம். வடக்கு நோக்கிப் போகும்போது கப்பலின் இடது பக்கத்தில் பிற்பகல் வெயில் அடிக்கும். திரும்பும்போது வலது பக்கத்தில் அடிக்கும். கரை பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதால் பக்கத்துக்காக அதிகப் பணம் கொடுக்கவேண்டாம். தனியாகப் போகிறவர் ஒரு விஷயத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கப்பலில் அறைக் கட்டணம் இருவர் தங்குவதாக வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒருவராகப் போனால் மற்றவருடைய பங்கின் பெரும்பகுதியையும் நீங்களே கொடுக்கும்படி நேரும்.

ஏறும்போது பெரிய பெட்டிகளைக் கப்பல் சிப்பந்திகளிடம் ஒப்படைத்துவிடுவோம். அவை அறைக்கு வந்துசேரச் சாயங்காலமாகலாம். ஆகவே மருந்து, பாஸ்போர்ட்டு, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். துணி தேய்க்கும் பெட்டியும் மின்சாரக் கெட்டிலும் வேண்டாம். தீ பற்றும் என்று அவற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். சைவ உணவு வேண்டுமென்பதை டிக்கெட்டு வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் ரொட்டியும் வெண்ணெயும்தான் கிடைக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் உண்ணும் கப்பலில் வயிற்றுநோய் பரவினால் வேகமாகப் பரவும். அதற்குக் காரணமான நோரோ வைரஸைக் கை கழுவும் திரவங்கள் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் அதற்குத் தக்க மருந்து.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். ஊருக்கு வந்த பிறகு வருகிற பில்லைப் பார்த்தால் கப்பலில் வராத மயக்கம் வீட்டில் வரும். ஏறியவுடன் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலுக்குள் பணம் கைமாறுவதில்லை. அட்டையைக் காட்டி வாங்குவதெல்லாம் கடைசி நாள் கணக்கில் வந்து நிற்கும். பானங்கள், இணைய வசதி, சிப்பந்திகளுக்கு நாள்தோறும் சேரும் தட்சிணை எல்லாம் அதில் அடக்கம். தினந்தோறும் இரவில் கணக்கைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது குடும்பஸ்தனுக்கு அழகு.

அலுப்பாயிருக்கிறது என்று பலர் தட்டிக்கழிக்கும் காரியம் ஒன்று உண்டு. ஆபத்து நேர்ந்தால் எங்கே கூடவேண்டும், மிதவைச் சட்டையை எப்படி அணியவேண்டும் என்று முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிதான் அது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் கடலில் உயிர்களைக் காப்பதற்கென்று முதல் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வளவு காலத்துக்குப் பிறகும், 2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு, இத்தாலியக் கரைக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனோ அதை நடத்தியாகவேண்டும் என்ற விதி 2015 முதல் அமுலுக்கு வந்தது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அதன் பொருள் என்ன என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கவேண்டும்.

இப்போது இளநீர்க் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பிரயாணம் அது. பாத்தோங் கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு ஐந்து மணிக்கு. நானும் என் மனைவியும் தம்பியின் குடும்பமும் கடைவீதியைச் சுற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். கைபேசியைப் பார்த்தேன்; மூன்று மணி ஐம்பது நிமிஷம். "இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஆளுக்கு ஓர் இளநீர் சாப்பிடலாம்" என்று பெரிய மனதோடு சொன்னேன். பாதி குடித்திருப்பேன். தம்பியின் மகள், பத்து வயதுச் சிறுமி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, மணி நாலு ஐம்பது!" என்றாள்.

அவள் சொன்னது சரி. தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரக் கைபேசியோ கரை ஏறியதும் என்னைக் கேட்காமலே தாய்லாந்துக்குக் குடியேறிவிட்டது. குழந்தையின் கடிகாரத்துக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாது. ஆகையால் அது உண்மை சொல்லிற்று. நாங்கள் மணலில் ஓடிய ஓட்டத்தை இங்கே வர்ணிக்கப்போவதில்லை. கடைசிப் படகின் கயிற்றை அவிழ்க்கும் சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். அன்று முதல், சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டுதான் கரையில் இறங்குகிறேன். கப்பல் ஆட்களே அழைத்துப்போகும் யாத்திரையில் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமாகச் சுற்றப் போனால் காத்திருக்கவேண்டிய கடமை அதற்கில்லை. ஆகவே நாமாகப் போகும் இடம் துறைமுகத்துக்குச் சமீபத்தில் இருப்பதே மேல்.

நான்காவது பிரயாணத்தில் என் தாயாரை அழைத்துச் சென்றேன். லிப்டுக்கு அருகில், கப்பலின் நடுவில், ஜன்னலுடன் கூடிய அறை. படகில் இறங்குவதற்கு அம்மா பயப்படுவாள் என்று எண்ணியிருந்தேன். அவளோ பாத்தோங்கில் சிப்பந்தியின் கையைப் பற்றிக்கொண்டு எனக்கு முன்னே இறங்கி உட்கார்ந்துவிட்டாள். "நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கா வந்தது? நடுக்கடலில் நிற்கும். இதைவிடச் சின்னப் படகிலே, இதைவிடப் பெரிய அலையிலே இறங்கியிருக்கிறேன்" என்றாள்.

அம்மா கெடாவில் பிறந்தவள். என் பாட்டனார் அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். 1958-இல், அம்மாவுக்கு எட்டு வயதாயிருக்கும்போது, பாட்டி அவளை அழைத்துக்கொண்டு பினாங்கில் ராஜுலா கப்பல் ஏறினாள். 1926-இல் கட்டப்பட்டு, 1974-இல் உடைக்கப்படும் வரையில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அதிலே போய்வந்தன. டெக் பிரயாணிகளுக்கு அறை ஏது? மேல்தட்டில் பாய் விரித்த இடமே அறை. பாட்டியும் பிரயாண ஏற்பாடு செய்தவள்தான். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய்கள், குமட்டலுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய். மகள் எங்கும் ஓடிவிடாதபடி அவள் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி மறு நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டாளாம்.

பினாங்கில் நாங்கள் எந்த யாத்திரைக்கும் பணம் கட்டவில்லை. துறைமுகத்திலிருந்து குவீன் தெருவிலுள்ள மாரியம்மன் கோயில் கொஞ்ச தூரம்தான். 1833-இல் ஏற்பட்ட கோயில் அது. அம்மா மெதுவாக நடந்து போய்ச் சேவித்தாள். பக்கத்தில் ஒரு கடையில் காப்பி சாப்பிட்டாள். கப்பல் ஏற மூன்று மணி நேரம் இருக்கும்போதே, "துறைமுகத்துக்குப் போகலாம்" என்றாள்.

"எதற்கம்மா இவ்வளவு சீக்கிரம்? கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. தண்ணீர் தெரிகிற ஓரிடத்தில் நாற்காலி தேடி உட்கார்ந்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா இங்கேதான் நின்றார். கணக்கு ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்றார்."

பாட்டனார் வரவில்லை. 1960-இல் அந்தத் தோட்டத்திலேயே காய்ச்சலில் காலமானார். அது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் இந்தத் துறைமுகத்தின் வழியாக அதற்கு முன் மூன்று முறை போனபோதும், பஸ் ஏறி மலையையும் கடைகளையும் பார்த்துவிட்டு வந்தேனே தவிர, அவர் எங்கே நின்றிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகையால் வாசகர்களுக்குச் சொல்லவேண்டிய யோசனை இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. ஒரு துறைமுகத்திலாவது யாதொரு திட்டமும் இல்லாமல் சில மணி நேரத்தை விட்டுவையுங்கள். உடன் வருகிற பெரியவர்களுக்கு அது எதற்கென்று தெரிந்திருக்கும்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடவேண்டும். காலையில் அவை கரையில் காத்திருக்கும். மறுநாள் உடுத்தவேண்டிய துணியையும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, இரவு உடையோடு சிங்கப்பூரில் இறங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். அம்மா அந்தத் தவறு செய்யவில்லை. தன் புடவையை எடுத்து வைத்துக்கொண்டாள். கூடவே என் சட்டையையும் எடுத்து வைத்திருந்தாள்.