கால்குலேட்டரும் காற்புள்ளியும்

பயனர் தாறுமாறாகத் தட்டினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, பைத்தானில் கால்குலேட்டர் எழுதப் பழகுகிற பலரும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். மொத்த நிரலையும் ஒரு ‘ட்ரை’க்குள் போட்டு, கீழே வெறும் ‘எக்செப்ட்’ எழுதி, ‘ஏதோ தவறு’ என்று அச்சிட்டுவிடுவது. நிரல் சாயாது, உண்மைதான். சுழற்சிக்குள் இருந்தால் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்காது! அதுவும் ஓர் எக்செப்ஷனாகவே வருவதால் வெறும் எக்செப்ட் அதையும் விழுங்கிவிடுகிறது. மாறியின் பெயரை நாமே தப்பாக எழுதியிருந்தால், அந்தப் பழியும் பயனர் தலையில்தான்.

நான் அப்படிச் செய்வதில்லை. தட்டிய எழுத்து எண்ணாக மாறும் வரியில் மட்டும் வேல்யூஎர்ரரைப் பிடிப்பேன்; வகுக்கும் வரியில் ஜீரோடிவிஷன்எர்ரரை. பூஜ்யம் லேசுப்பட்டதல்ல. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் யார்க்டவுன் போர்க்கப்பல், யாரோ உள்ளிட்ட ஒரு பூஜ்யத்தால் வகுக்கப்போய் நடுக்கடலில் நின்றது. மற்ற எக்செப்ஷன்கள் வெடிக்கட்டும். அவை என் பிழைகள், என் கண்ணில் பட வேண்டும்.

ஆனால் வேல்யூஎர்ரர் வந்தாலே பயனர் தவறிவிட்டார் என்று ஆகிவிடாது. நம் கடைக்காரர் ஒரு லட்சத்தை 1,00,000 என்றுதான் எழுதுவார். எழுத்தை எண்ணாக மாற்றும் ‘ஃப்ளோட்’ அதை மறுக்கும். அதே ஃப்ளோட் ‘௧௨’ என்று கொடுத்தால் பன்னிரண்டாக வாங்கிக்கொள்ளும். ‘௰’ என்றால் மறுத்துவிடும், ஏனென்றால் யூனிகோட் அந்தக் குறியைப் பதின்ம இலக்கமாக வைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘இன்ஃப்’ என்று தட்டினால் முடிவிலி என்று மறுபேச்சில்லாமல் ஏற்கும். ஆகவே எண்ணாக மாறிய பிறகும் அது முடிவுள்ள எண்தானா என்று சோதிக்க வேண்டியிருக்கிறது.

குறுக்குவழியாக ‘ஈவால்’ போடுகிறவர்கள் 1,00,000 கொடுத்தால் (1, 0, 0) என்று மூன்று எண்கள் திரும்பி வரும். எக்செப்ஷனே கிடையாது. எதைத் தட்டினாலும் அதை நிரலாகவே ஓட்டிவிடும் என்பதால் ஈவாலை நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை.

காற்புள்ளியை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஜெர்மானியர் 3,14 என்று எழுதினால் அது தசமம். நீக்கினால் 314. எச்சரிக்கை எதுவும் வராது, விடை மட்டும் நூறு மடங்காகிவிடும். இதற்கு எக்செப்ஷனே மேல். அதனால் காற்புள்ளிகள் நம் ஊர் முறைப்படி ஆயிரத்திலும் லட்சத்திலும் விழுந்திருந்தால் மட்டுமே நீக்குகிறேன். மற்றபடி, தட்டியதையே காட்டிக் கேட்கிறேன்: ‘3,14 புரியவில்லை. தசமத்துக்குப் புள்ளி வையுங்கள்.’

நீங்கள் எழுதிய கால்குலேட்டரிலும் ஒருமுறை 1,00,000 தட்டிப் பாருங்கள்.