மண்ணைத் தொடாத முள்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ஒருமுறை வத்தேகமைக்கு வந்து பார்க்கவேண்டும். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள இச்சிறு பட்டினத்தில் மொறிஸ் மைனர் அலங்காரப் பொருளன்று. கடைக்காரருடனும் பள்ளி ஆசிரியருடனும் சேர்ந்து தேய்ந்துபோன ஓர் உழைப்பாளி. இங்கிலாந்தில் 1948இல் பிறந்து, 1971இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டி இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம் பழம்பொருள் மோகம் மட்டுமல்ல. புதுவண்டி இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாத காலங்கள் இந்நாட்டில் பலமுறை வந்தன. அப்போதெல்லாம் பழையதைப் பழுதுபார்த்து ஓட்டிய கைகளே ஏழை எளியவரின் பயணத்தைக் காத்தன.

நம்மிடமும் அத்தகைய வண்டி ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதன் பெற்றோல் மானி பழுதுற்றது. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளியெழுந்து ‘நிறைவு’ என்ற கோட்டில் நின்றுகொள்ளும். தாங்கியிலோ அடிமண்டிதான் கிடக்கும். வேறொரு காலமாயின் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அந்த நாட்களில் சிரிப்பு வரவில்லை. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபா ஆகியிருந்தது. பின்னர் வந்த பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்தார்கள். அதற்கு முன்போ வரிசையிலேயே பகலும் இரவும் கழிந்தன. வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு.

அடுத்த தோட்டத்தில் சிறுநீரகம் பழுதுற்ற தாயார் ஒருவர் இருந்தார். வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காக அவரைக் கண்டிக்குக் கொண்டுசெல்வது அந்த வண்டியின் பொறுப்பு. மானியின் முள் பொய் சொன்னால் நடுவழியில் நிற்கப்போவது வண்டி மட்டுமல்ல.

பட்டினத்தில் கராஜ் வைத்திருக்கும் பெரியவரிடம் சென்றோம். லயத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கராஜில் கையாளாகச் சேர்ந்து, பார்த்தும் கேட்டும் தொழில் கற்றவர் அவர். முள்ளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. வளையக்கூடிய மெல்லிய பிரம்பொன்றைத் தாங்கியினுள் இறக்கி, எடுத்து, நனைந்த இடத்தை விரலால் அளந்தார். முதலில் உண்மையைத் தெரிந்துகொள்ளவேண்டும். பொய் எங்கே பிறந்தது என்பது அதன் பிறகு.

அந்த மானியின் அமைப்பு எளியது. தாங்கியினுள் ஒரு மிதவை கிடக்கிறது. பெற்றோல் குறையக் குறைய மிதவை தாழ்ந்து, மின்தடையும் குறைகிறது. மின்சாரம் தாங்கியின் வழியே வண்டியின் உடலுக்கு எளிதாக இறங்கிவிட, முள் வெறுமைக்குச் சாய்கிறது. பெற்றோல் கூடினால் தடை கூடி முள் எழுகிறது. ஆகவே தொடர்பு முற்றாக அறுந்துபோனால், தடை எல்லையற்றதாகி, முள் ‘நிறைவு’ என்றே காட்டும். பின்னாளில் வந்த வெப்பவகை மானிகளில் நிலை நேர்மாறு; அவற்றில் தொடர்பு அறுந்தால் முள் வெறுமையில் விழும்.

பெரியவர் சாவியை மூடச் சொன்னார். பின்பெட்டியைத் திறந்து, பெற்றோல் ஆவி கலையும்வரை காத்திருந்து, தாங்கியின் கம்பியைக் கழற்றினார். அதில் நீண்ட கம்பியொன்றை இணைத்து, பொறி பறந்தாலும் தீங்கில்லாத தொலைவில் வண்டியின் இரும்போடு சேர்த்துவைத்துச் சாவியைத் திறக்கச் சொன்னார். முள் பணிந்து வெறுமைக்கு வந்தது. மானியும் கம்பியும் குற்றமற்றவை என்று தெளிவாயிற்று. எஞ்சியது தாங்கி வண்டியின் உடலோடு கொள்ளும் தொடர்பு. மழையும் பனியும் ஓயாத மலைநாட்டில் அந்த இணைப்பைத் துரு தின்றிருந்தது. துருவைச் சுரண்டித் துடைத்து, புதுக்கம்பி ஒன்றால் இரண்டையும் பிணைத்தார். முள் பிரம்பு சொன்னதையே சொல்லிற்று.

“எர்த் போயிருச்சு மாஸ்டர்” என்றார். “மண்ணத் தொடாட்டி முள்ளு எப்பவும் நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லும்.”

அவர் சொன்னது அந்த வண்டிக்கு மட்டும் பொருந்துவதா? 2021 திசெம்பர் இறுதியில் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு 310 கோடி டொலர் என்று காட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய 150 கோடி, எண்ணெய் வாங்க எடுத்துச் செலவிட முடியாத சீன நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் நிதியமைச்சர், பயன்படுத்தக்கூடிய இருப்பு 5 கோடி டொலரும் இல்லை என்று பாராளுமன்றத்திலேயே கூறினார். முள் எழுந்து நின்ற காலத்திலேயே தாங்கி வறண்டு கிடந்தது.

மலைநாட்டுப் பெண்களுக்கு இது புதிய பாடமன்று. கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறார்கள். முள் காட்டுவது ஒரு நிறை. தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தபின் ஏட்டில் ஏறுவது வேறொரு நிறை. 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. பல தோட்டங்களில் அந்தக் கூலிக்காகப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது. காகிதத்தில் கூலி நிறைந்தது. அடுப்பின் மேலிருந்த பானை அதை அறியவில்லை.

அளவுகோல்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முள்ளின்றி வண்டி ஓட்டுவதும் கணக்கின்றி நாடு நடத்துவதும் இயலாதவை. நாம் கேட்பது ஒன்றுதான்: கணக்கெழுதும் கை லயத்து அறையையும், வரிசையில் நிற்பவனையும், கொழுந்துக் கூடையையும் தொட்டறியட்டும். முள்ளை மட்டும் நம்பும் நாடு நடுவழியில் நிற்கும். அப்போது அதைத் தள்ளுவதற்கு அழைக்கப்படுவோர், என்றும்போல், அந்த வண்டியில் ஒருநாளும் ஏற்றப்படாதவர்களே.